கம்பளியை அரித்தது எந்தப் பூச்சி?

விளக்கைச் சுற்றி ஒரு சின்னப் பூச்சி பறந்தாலே சால்வைக்கும் பட்டுப்புடவைக்கும் ஆபத்து வந்துவிட்டதென்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதை அடித்துக் கொன்றுவிட்டால் ஆபத்து நீங்கியது என்று நிம்மதி அடைகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் பெரும்பாலும் தவறாகவே முடிகின்றன. துணியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கு இறக்கை முளைத்த பிறகு தின்ன வாய் கிடையாது. வாயுறுப்புகள் பயன்படாத அளவுக்குச் சிறுத்துப்போயிருக்கும். புழுப் பருவத்தில் உடம்பில் சேர்த்த சத்தை வைத்துச் சில வாரங்கள் உயிரோடிருந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டுவிட்டு அது செத்துப்போகும். தின்பது புழு மட்டும்தான். அந்தப் புழு வெளிச்சத்துக்கு வராது. கம்பளத்தின் அடியிலும், மடித்த சால்வையின் உள்மடிப்பிலும், நகர்த்தப்படாத சோபாவின் கீழும் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் அடையாளம் காணும் வேலையைப் பறக்கும் பூச்சியிடமிருந்து தொடங்கக் கூடாது. அரிபட்ட துணியிலிருந்தும் புழு அதில் விட்டுச் சென்றவற்றிலிருந்தும் தொடங்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் துணி, அடுத்து தடயம், கடைசியில் பூச்சி.

துணியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் புழுவின் வயிற்றில் இருக்கிறது. ஆட்டுக் கம்பளி, ஒட்டக ரோமம், இறகு, நம் தலைமுடி எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் மிகப் பெரும்பாலான உயிர்களால் அதைச் செரிக்க முடிவதில்லை. எலியைத் தின்ற ஆந்தை ரோமத்தை உருண்டையாகக் கக்குவது இதனால்தான். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங், டுஸ்பிவா இருவரும் 1930களின் நடுவில் துணி அந்துப்புழுவின் குடலை ஆராய்ந்தார்கள். நடுக்குடலில் காரத்தன்மை மிகுதியாகவும் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் இருப்பதையும், அந்தச் சூழலில் கந்தகப் பிணைப்புகள் அறுந்து நொதிகளுக்கு வழிவிடுவதையும் காட்டினார்கள். இது அரிய திறமை. ஆனால் அது கெரட்டினோடு நின்றுவிடுகிறது. பருத்தி, சணல், லினன் ஆகியவற்றில் இருக்கும் செல்லுலோஸையோ, நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளையோ இந்தப் புழு செரிக்காது. ஆகவே அரிபட்டது என்ன இழை என்று தெரிந்த உடனேயே சந்தேகப்பட்டியலில் பாதி அடிபட்டுப்போகும்.

கடைக்காரர் சொன்னதை நம்பாமல் இழையை நாமே சோதிக்கலாம். கம்பளத்தின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் நெருப்புக் காட்டினால் போதும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக உறையும். இன்று கடைகளில் கம்பளம் என்று விற்கப்படுவதில் கணிசமானது செயற்கை இழைதான். பவானி ஜமக்காளம் பருத்தி. அதை அந்துப்புழு தின்றது என்று யாராவது சொன்னால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். காஷ்மீரிலோ உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலோ கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளம் வேறு கதை. அதில் பெரும்பாலும் பாவும் ஊடையும் பருத்தி, மேலே நிற்கும் ரோமம் கம்பளி. புழு கம்பளியை மட்டும் மொட்டையடித்துவிட்டுப் பருத்திப் பின்னலை அப்படியே விட்டுவிடும். நடுவில் கட்டம் கட்டமாக வெறும் நூல்வலை தெரிகிறது, ஆனால் ஓட்டை விழவில்லை என்றால் அது கெரட்டின் தின்னியின் கைவரிசை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: பருத்திச் சட்டையிலும் பட்டுப்புடவையிலும் பூச்சி அரித்ததை நாங்கள் பார்த்ததில்லையா? பார்த்திருக்கலாம். கம்பளி கலந்த துணியிலும், வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் படிந்த துணியிலும், புழு தனக்கு வேண்டிய வைட்டமின்களுக்கும் உப்புக்கும் மேய்ந்துகொண்டே போகும்போது பக்கத்து இழையையும் கடித்துவிடும். அதனால்தான் காலர், கம்புக்கூடு, மடியில் குழம்பு சிந்திய இடம் ஆகியவை முதலில் அரிபடுகின்றன. பட்டும் விலங்குப் புரதம்தான். ஆனால் அது ஃபைப்ராயின், கெரட்டின் அல்ல. அழுக்கோடு மடித்து வைத்த பட்டைப் புழு கடிக்கும், ஆனாலும் கம்பளியில் செழிப்பதுபோல் அதில் செழிக்காது. பட்டுப்புடவைச் சேதத்தில் பூச்சியின் மேல் விழும் பழி நிறைய அநியாயமானது. மடிப்புக் கோட்டிலேயே நேராகக் கீறல் விழுந்திருந்தால், ஆண்டுக்கணக்கில் மடிப்பு மாற்றாமல் வைத்ததில் இழை நைந்து ஒடிந்திருக்கிறது, அவ்வளவுதான். சரிகையை ஒட்டிய கிழிசலும் பல சமயம் உராய்வால் வந்தது. பனியன் துணிச் சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் கடுகளவு ஓட்டைகள் தெரிந்தால் பெல்ட் கொக்கியையும், சமையல் மேடையின் விளிம்பையும், வாஷிங் மெஷினில் கூடச் சுழன்ற ஜிப்பையும் முதலில் பாருங்கள்.

துணி கம்பளி என்று உறுதியானதும் தடயத்துக்கு வரலாம். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் துணியை மெல்ல உதறி, விழுவதை லென்ஸ் வைத்தோ, செல்போன் கேமராவைப் பெரிதாக்கியோ பார்க்க வேண்டும். உலகின் பல பகுதிகளில் மிகுந்த சேதம் செய்வது வலை பின்னும் துணி அந்து. விலங்கியல் பெயர் டினியோலா பிஸ்ஸெல்லியெல்லா. இதன் புழு வெளிர் வெள்ளை, தலை பழுப்பு, முழு வளர்ச்சியில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். அது துணியோடு சேர்த்துப் பட்டுநூல்போன்ற இழையால் குழாய்களும் விரிப்புகளும் பின்னி, அவற்றின் அடியில் ஒளிந்துகொண்டு மேயும். துணியின் பரப்பில் சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருந்து, விரலால் இழுத்தால் ரோமத்தையும் சேர்த்துக்கொண்டு பிய்ந்து வருமானால் இந்த அந்துதான். படலத்துக்குள் மணல்போல் உருண்டையான துகள்கள் சிக்கியிருக்கும். பலர் அவற்றை முட்டை என்று நினைத்துக் கலங்குகிறார்கள். அவை எச்சம். சிவப்புக் கம்பளம் தின்ற புழுவின் எச்சம் சிவப்பாகவும், நீலம் தின்றதன் எச்சம் நீலமாகவும் இருக்கும், ஏனென்றால் சாயம் செரிப்பதில்லை. முட்டை வேறு: நீள்வட்டம், தந்த வெள்ளை, அரை மில்லிமீட்டர் அளவு, ஊசிமுனையால் அழுத்தினால் நசுங்கிவிடும். துகளின் நிறம் நமக்குப் பெரிய உதவி. வெள்ளைச் சால்வையின் மடிப்பில் கருஞ்சிவப்புத் துகள் கிடந்தால், புழு அங்கே வளரவில்லை, அதே பீரோவில் வேறொரு கருஞ்சிவப்புக் கம்பளியில் வளர்ந்து இங்கே வந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. சேதம் தெரியும் இடத்தில் மட்டும் மருந்து வைத்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, உறை சுமக்கும் துணி அந்து, டினியா பெல்லியோனெல்லா. இதன் புழு வலை விரிக்காது. தான் தின்னும் இழைகளைக் கொண்டே ஓர் உருளை உறை பின்னி, அதற்குள் இருந்தபடி தலையையும் முன்கால்களையும் மட்டும் நீட்டி, உறையை இழுத்துக்கொண்டு மேயும். உறையின் இரு முனைகளும் திறந்திருக்கும். புழு உள்ளேயே திரும்பி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலைநீட்டும். வளர வளர உறையை விரித்து ஒட்டுப் போட்டுக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் ரேமூர் இந்தப் புழுக்களை ஒரு நிறத் துணியிலிருந்து வேறு நிறத் துணிக்கு மாற்றி வைத்துப் பார்த்தார். உறையில் புதிதாகச் சேர்ந்த பகுதி புதுத் துணியின் நிறத்தில் இருந்தது. உறை எங்கே நீள்கிறது, எங்கே அகலமாகிறது என்பதை அந்த நிறப் பட்டைகளே காட்டின. நம் வீட்டிலும் இதே தடயத்தைப் படிக்கலாம். உறையில் இரண்டு நிறம் தெரிந்தால் புழு இரண்டு துணிகளைத் தொட்டிருக்கிறது. இது மேய்ந்த இடத்தில் படலம் இருக்காது. ரோமம் ஆங்காங்கே பள்ளமாக வழிக்கப்பட்டிருக்கும். கூட்டுப்புழு ஆகும் சமயத்தில் துணியை விட்டு நகர்ந்து பீரோவின் மேல்மூலைக்கோ சுவருக்கோ போய் உறையை அங்கே ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் தமிழ்நாட்டு வீடுகளில் பெரும் குழப்பம். சுவரில் ஒட்டிக்கொண்டும் மெல்ல ஊர்ந்துகொண்டும் இருக்கும், பூசணி விதை மாதிரித் தட்டையான சாம்பல் உறையைப் பார்க்காத வீடு குறைவு. அது ஃபெரியோகா என்ற வேறு பேரினம். வெப்பமான, ஈரப்பதம் மிகுந்த ஊர்களுக்கே உரியது. அதன் உறை நடுவில் அகன்று, இரு முனையும் குறுகி, மேலே மண்துகளும் சுண்ணாம்புத் தூசும் நூலும் ஒட்டியிருக்கும். முக்கிய உணவு பழைய ஒட்டடை, செத்த பூச்சிகளின் எச்சம், உதிர்ந்த முடி. கம்பளி கிடைத்தால் அதையும் தின்னும் என்பதால் அதை முழு நிரபராதி என்று விட்டுவிட முடியாது. ஆனாலும் சுவரில் இதைப் பார்த்துவிட்டுப் பீரோ முழுக்க மருந்தடிப்பது வீண் செலவு. ஒட்டடை அடித்து, மின்விசிறியின் மேலும் கட்டிலடியிலும் உள்ள தூசைப் பெருக்கி, ஈரக் கசிவைச் சரிசெய்தால் இது வெகுவாகக் குறையும். வேறுபடுத்தும் வழி எளிது. உறை உருளையாக, துணியின் நிறத்தில், இழையால் மட்டும் ஆகியிருந்தால் பீரோவைத் திறந்து தேட வேண்டும். தட்டையாக, மண் ஒட்டிய சாம்பலாக இருந்தால் விளக்குமாறு போதும்.

மூன்றாவதாகக் கம்பள அந்து ஒன்று உண்டு, டிரைகோஃபாகா டாபெட்ஸெல்லா. முன்னிறக்கையின் அடிப்பகுதி கரும்பழுப்பு, மீதி வெள்ளை. ஒரு முறை பார்த்தால் மறக்காது. ஈரமான கிடங்கு, பறவைக்கூடு, ஆந்தை கக்கிய உருண்டை ஆகியவற்றை நாடுவது. காற்றோட்டமான வீட்டில் அபூர்வம்.

அந்தே அல்லாத குற்றவாளிகளையும் இந்த இடத்தில் பிரித்துவிட வேண்டும். கம்பளியை அந்துக்குச் சமமாக அழிப்பவை கம்பள வண்டுகள். அவற்றின் புழு பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முடி, வரிவரியாக இருக்கும். நூல் நூற்காது, அதனால் படலமும் இல்லை, உறையும் இல்லை. அது விட்டுச்செல்வது சட்டைச் சட்டையாகக் கழற்றிய பழுப்புத் தோல்கள். கம்பளத்தின் ஓரத்தில் முடியுள்ள காலித் தோல்கள் கிடந்து, ஜன்னல் திட்டில் மூன்று மில்லிமீட்டர் அளவில் உருண்டையான புள்ளி வண்டுகள் செத்துக் கிடந்தால் வேறு விசாரணை தேவையில்லை. வளர்ந்த வண்டு வெளிச்சத்தையும் பூக்களின் மகரந்தத்தையும் நாடி ஜன்னலுக்குப் போகும், துணி அந்து இருட்டுக்குள் ஓடும். இந்த ஒரு வித்தியாசமே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். கஞ்சி போட்ட பருத்தி, ரேயான், புத்தகக் காகிதம் இவற்றின் மேல்பரப்பு சுரண்டியதுபோல் மெலிந்திருந்தால் அது இராமபாணப் பூச்சி. பருத்தி மூட்டை அடிப்பக்கத்திலிருந்து மண்பூச்சோடு அழிந்திருந்தால் கறையான்.

இப்போது முக்கியமான மறுப்பு. பூச்சியியலில் இனத்தை உறுதி செய்வது வளர்ந்த பூச்சியை வைத்துத்தானே, இறக்கையை விட்டுவிட்டுப் புழுவின் குப்பையைக் கிளறுவது பின்னோக்கிப் போவதாகாதா? ஆய்வகத்துக்கு இந்த மறுப்பு சரி. வீட்டுக்குப் பொருந்தாது. வலை பின்னும் அந்து இறக்கை மடித்த நிலையில் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர். வைக்கோல் நிறம், மினுமினுப்பு, புள்ளி கிடையாது, தலையில் செம்பொன் நிறத்தில் சிலிர்த்த முடிக்கற்றை. உறை சுமக்கும் அந்து மங்கிய சாம்பல் பழுப்பு, முன்னிறக்கையில் மூன்று கரும்புள்ளிகள். ஏட்டில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் இறக்கையின் நிறமும் புள்ளியும் செதில்களால் ஆனவை. வயதான பூச்சியிலும், கையால் அடித்துக் கொன்ற பூச்சியிலும், ஒட்டுப்பொறியில் சிக்கியதிலும் செதில் உதிர்ந்து புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. அதோடு நம் வீடுகளில் வைக்கோல் நிறத்தில் பறக்கும் சிறு பூச்சி என்றால் முதலில் நினைக்க வேண்டியது நெல் அந்து. நெல், சோளம் வைத்திருக்கும் வீட்டில் அது சாதாரணம். அளவும் நிறமும் துணி அந்தைப் போலவே. லென்ஸ் வைத்துத் தலையைப் பார்த்தால்தான் பிரியும். நெல் அந்துக்குத் தலை வழவழப்பு, முகத்திலிருந்து இரண்டு உறுப்புகள் கொம்புபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும்; பின்னிறக்கை விரல்போல் கூராக முடியும். துணி அந்துக்குத் தலை சிலிர்த்திருக்கும். அரிசி டப்பாவில் கட்டி கட்டியாக நூலாம்படை கட்டிவைக்கும் சாம்பல் நிற அரிசி அந்து இன்னும் பெரியது. இவை இரண்டும் துணியைத் தொடுவதில்லை. நடத்தையும் உதவும்: துணி அந்தை வெளிச்சத்தில் கிளப்பினால் விளக்கை நோக்கிப் பறக்காமல் ஓடி மடிப்புக்குள் நுழையும், முட்டை சுமக்கும் பெண் பூச்சி பறக்கவே தயங்கும். ஆகவே இறக்கை கடைசி உறுதிப்பாட்டுக்கு நல்ல சாட்சி. முதல் சாட்சியாக வைத்தால் நெல் மூட்டைக்காகச் சால்வையைத் தண்டிப்போம்.

பொறி வைத்தால் தானாகவே தெரிந்துவிடுமே என்பது அடுத்த வாதம். பெண் பூச்சியின் வாசனையை ஏற்றிய ஒட்டுப்பொறிகள் கிடைக்கின்றன. பிரிட்டனில் துணி அந்து எங்கெங்கே பரவியிருக்கிறது என்று அறிய 2017இல் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு பொதுமக்களுக்கே அவற்றைக் கொடுத்தது. கண்காணிப்புக்கு அவை சிறந்தவை. ஆனால் வலை பின்னும் அந்துக்கான பொறியில் அந்த இனத்தின் ஆண் மட்டுமே நம்பகமாக விழும். பொறி காலியாக இருப்பது உறை சுமக்கும் அந்தும் வண்டும் இல்லை என்று சொல்லாது. இரண்டு ஆண் பூச்சி விழுந்தால் வீட்டில் எங்கோ புழு இருக்கிறது என்று மட்டும் தெரியும், எந்தத் துணியில் என்று தெரியாது. அதற்கு மறுபடியும் வெள்ளைத் தாளைத்தான் விரிக்க வேண்டும்.

எந்தப் பூச்சியாக இருந்தால் என்ன, அந்துருண்டை நாலு போட்டால் எல்லாம் செத்துவிடும் என்பதுதான் மிகவும் பரவிய மறுப்பு. நாப்தலீன் ஆவி காற்றுப் புகாத பெட்டிக்குள் அடர்ந்து நின்றால்தான் புழுவைக் கொல்லும். கதவிடுக்குள்ள பீரோவில் அது வாசனையாக வெளியேறி நம் மூக்குக்குத்தான் வருகிறது. அந்த வாசனை ஏறிய துணியில் கைக்குழந்தையைச் சுற்றுவது, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து உயிருக்கே ஆபத்தாகும். வேப்பிலை, வசம்பு வைக்கும் பழக்கத்தில் தவறில்லை, ஆனால் உள்ளே ஏற்கெனவே வளரும் புழுவை ஒழிக்க அவற்றை நம்ப முடியாது. மருந்தை விட வேலை செய்வது சரியான இடத்தில் சரியான காரியம், அதற்கு இனம் தெரிய வேண்டும். படலம் தெரிந்தால் அந்தத் துணியும் அதைத் தொட்டிருந்த கம்பளிகளும் சிகிச்சைக்குப் போக வேண்டும். உறை தெரிந்தால் பீரோவின் மேல்மூலைகளையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். முடியுள்ள தோல் தெரிந்தால் துணியோடு நிற்காமல் ஜன்னல், பரண், காற்றுத் துளை என்று தேட வேண்டும். அடுக்குமாடிகளில் ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறா கட்டிய கூடு, அதன் இறகும் எச்சமுமாக, வண்டுக்கும் அந்துக்கும் நிரந்தரக் களஞ்சியம். அதை எடுக்காமல் உள்ளே எத்தனை முறை சுத்தம் செய்தாலும் திரும்ப வரும்.

தடயம் தெரியும்போது சேதம் முடிந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்குப் பதில், பழைய தடயத்தையும் புதியதையும் பிரிக்க முடியும் என்பதே. சூடும் ஈரமும் உணவும் வாகாக இருந்தால் முட்டையிலிருந்து பூச்சியாக இரண்டு மாதம் போதும். வாகாக இல்லாவிட்டால் புழு ஒரு வருடத்துக்கு மேலும் இழுத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு நீண்ட பருவத்தில் நடுவில் பிடிப்பது சாத்தியமே. கம்பளத்தின் இரு பக்கமும், முக்கியமாக மேசை நாற்காலிக்கு அடியில் மறைந்த பகுதியை, வேக்கம் கிளீனரால் இழுத்துவிட்டு, பையைக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். ஆர்மோனியம், பியானோ இருந்தால் உள்ளே இருக்கும் கம்பளி ஃபெல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். யாரும் பார்க்காத கம்பளி அதுதான். பிறகு சந்தேகமுள்ள துணியின் அடியில் புதிய வெள்ளைத் தாள் விரித்துத் தேதி எழுதி வையுங்கள். கம்பளி வெள்ளையாக இருந்தால் தாள் கறுப்பாக இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்துத் தாளில் துகள் எதுவும் இல்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் காத்து மறுபடி பாருங்கள். புதுத் துகள் விழுந்திருந்தால் புழு உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது. சால்வை, ஸ்வெட்டர் போன்றவற்றைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் உதறுங்கள். அதே தாளை மறுபடி விரித்து இன்னொரு தேதி எழுதுங்கள்.